உப்புக்கு மேலே ஒரு சாண் நல்ல தண்ணீர்

தஞ்சாவூரில் உட்கார்ந்துகொண்டு பிரெஞ்சு ஒயினைப் பற்றி எழுதுவது சற்று விபரீதமான காரியம்தான். நாங்கள் அண்ணனும் தங்கையும். எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகக் காப்பியைத் தவிர வேறு போதை நுழைந்ததில்லை. திராட்சை என்றால் எங்களுக்குக் கீழவாசல் சந்தையில் கிலோக் கணக்கில் நிறுத்துத் தரும் பன்னீர்த் திராட்சைதான். அதுவும் எங்கள் மண்ணில் விளைந்ததல்ல. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து லாரியில் வருவது. ஆனாலும் இந்தக் கட்டுரை ஒயினைப் பற்றியதுதான். அதைவிட, ஒயின் விளையும் ஒரு மணலைப் பற்றியது. அந்த மணலைப் பார்த்துவிட்டு வந்த பிறகே எங்கள் சொந்த மணலை நாங்கள் புரிந்துகொண்டதைப் பற்றியது. இருவரும் சேர்ந்து பார்த்ததை இருவரும் சேர்ந்தே எழுதுகிறோம்.

முதலில் எங்கள் மணல். வேதாரண்யத்துக்குச் சற்று மேற்கே அப்பாவுக்குப் பன்னிரண்டு மா தோட்டம் உண்டு. டெல்டா என்றதும் வண்டலும் வாய்க்காலும் வரப்பும்தான் மனத்தில் எழும். ஆனால் காவிரி கடலைத் தொடப்போகும் தென்கிழக்கு மூலையில் காட்சி மாறிவிடுகிறது. கடல் பல காலமாக ஒதுக்கிப் போட்ட மணல்மேடுகள், இடையிடையே தாழ்வான நஞ்சை, அதற்கப்பால் உப்பளம். மேட்டில் மாவும் தென்னையும் முல்லையும். பள்ளத்தில், ஆற்றுத் தண்ணீர் வந்தால் நெல். கடைமடை என்று அதற்குப் பெயர். மேட்டூர் திறந்து எல்லோரும் குடித்து முடித்த பிறகு மிச்சம் வருகிற இடம்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் அந்தக் கரையில் ஏறியது. விடிந்தபோது அப்பாவின் தோட்டத்தில் நின்றுகொண்டிருந்த மாமரங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தாத்தா நட்ட மரங்கள் வேரோடு பெயர்ந்து, தலைமாடு கால்மாடு தெரியாமல் கிடந்தன. அப்பாவுக்கு அப்போது 76 வயது. ஒரு வாரம் போய்ப் பார்த்தார். பிறகு போவதை நிறுத்திவிட்டார். விறகுக்கு வெட்டிக்கொள்ள ஆள் வந்தபோதுகூட விலை பேசாமல் தலையசைத்தார். திரும்ப நடலாமே என்று நாங்கள் சொன்னபோது, "மா காய்க்க அஞ்சு வருஷம், மரமாக இருபது வருஷம். நான் யாருக்கு நடுறது? நீங்க ரெண்டு பேரும் தஞ்சாவூர்ல இருக்கீங்க" என்றார். அதில் குற்றச்சாட்டு இல்லை. கணக்கு மட்டும்தான் இருந்தது.

அடுத்த கோடையில் இறால் பண்ணைக்கு இடம் தேடி ஒருவர் வந்தார். பக்கத்து நிலங்களையும் சேர்த்துக் கேட்டார். நல்ல விலை. நாங்கள் இருவரும் விற்றுவிடலாம் என்ற முடிவுக்கு ஏறக்குறைய வந்துவிட்டோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அப்பா ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

இந்த நிலையில்தான், 2019 செப்டம்பரில், பிரான்சிலிருக்கும் அக்காவின் வீட்டுக்குப் போனோம். அக்கா எங்கள் பெரியம்மா மகள். பெரியம்மாவைக் காரைக்காலில் கொடுத்திருந்தது. 1739 முதல் பிரெஞ்சுக்காரர்கள் கையிலிருந்த ஊர் அது. 1954இல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962இல் ஒப்பந்தம் முறையாக நிறைவேறியபோது, விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்த பெரியப்பா வைத்துக்கொண்டார். அந்த ஒரு கையெழுத்தில் எங்கள் குடும்பத்தின் ஒரு கிளை தெற்குப் பிரான்சின் நீம் நகரத்தில் போய் வேர்விட்டது.

"உங்களை ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். கோடிக்கரையை எடுத்து இங்க வச்ச மாதிரி இருக்கும்" என்று அக்கா சொன்னபோது, அது வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கு வரும் ஏக்கத்தின் மிகை என்றே எண்ணினோம். நாற்பது கிலோமீட்டர் தெற்கே போனதும் மிகையில்லை என்று தெரிந்தது.

அந்தப் பிரதேசத்தின் பெயர் காமார்க். ரோன் ஆற்றின் டெல்டா. முக்கொம்பில் காவிரி கொள்ளிடமாகப் பிரிவது போல, ஆர்ல் நகருக்கு மேலே ரோன் இரண்டாகப் பிரிந்து மத்தியதரைக் கடலை நோக்கிப் போகிறது. நடுவிலும் இருபுறமும் தட்டையான நிலம். உப்பளங்கள், வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல்கள். ஆழமற்ற நீரில் பூநாரைகள். புல்வெளியில் வெள்ளைக் குதிரைகள். கோடிக்கரைக் காட்டின் குட்டைக் குதிரைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். உப்பு, பூநாரை, குதிரை மூன்றும் ஒரே இடத்தில் கூடுவது உலகத்தில் எங்கள் மூலையில் மட்டும்தான் என்று நம்பியிருந்தோம். எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டி ஒரு திருப்பத்தில் திரும்பியதும் இருவரும் ஒரே நேரத்தில் "நெல்லு!" என்று கத்திவிட்டோம். கதிர் முற்றிப் பழுத்து, அறுப்புக்குத் தலைசாய்ந்து நின்றது. பிரான்சில் நெல் விளையும் என்பது எங்களுக்கு அதுவரை தெரியாது.

அங்கே நெல் வந்த கதை நம்மவர்கள் அறிய வேண்டியது. கடலோர நிலத்தில் உப்பு எப்போதும் கீழிருந்து மேலேறப் பார்க்கும். மழையைவிட வெயில் குடிக்கும் தண்ணீர் அதிகம். அதனால் 19ஆம் நூற்றாண்டில் கரைகள் கட்டி வெள்ளத்தைத் தடுத்த பிறகு, நிலத்தின் உப்பைக் கழுவுவதற்காகவே நெல்லைப் பயிரிட்டார்கள். நெல்லுக்காக நிற்கவைக்கும் ஆற்று நீர், உப்பைக் கீழே அழுத்திக் கொண்டுபோய்விடும். நெல் அங்கே உணவாக வரவில்லை, வண்ணானாக வந்தது. கழுவிய பிறகு திராட்சையோ கோதுமையோ வைப்பார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரிசி இறக்குமதி நின்றுபோனபோது, நெல் சாகுபடி மறுபடி உயிர் பெற்றது. அதற்கு உழைத்தவர்களில் வியட்நாமியர்களும் உண்டு. போருக்காக அன்றைய இந்தோசீனாவிலிருந்து சுமார் 20,000 பேரைப் பிரான்சு தன் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுவந்திருந்தது. பலர் கட்டாயத்தின் பேரில் வந்தவர்கள். அவர்களில் சில நூறு பேரை 1940களின் தொடக்கத்தில் காமார்க்கின் சேற்றில் இறக்கினார்கள். அவர்களுக்கான நினைவுச்சின்னம் அந்த டெல்டாவில் எழுந்தது 2014இல்தான். கீழவெண்மணியைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போய் வந்தவர்களுக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை. சோற்றுக்குப் பின்னால் யார் முதுகு வளைந்தது என்பது எல்லா டெல்டாவிலும் தாமதமாகவே பேசப்படுகிறது.

சுனாமிக்குப் பிறகு அப்பா செய்ததும் இதேதான் என்று அப்போது நினைவுக்கு வந்தது. 2004 டிசம்பர் 26இல் கடல் நீர் ஏறி எங்கள் நஞ்சையின் கீழ்ப்பகுதி வெள்ளை பூத்துவிட்டது. அப்பா வரப்பை உயர்த்தி மழைநீரை நிறுத்தி வடியவிட்டார். மறுபடி நிறுத்தினார், மறுபடி வடியவிட்டார். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார். பிறகு குழியடிச்சான் விதைத்தார். உப்பைத் தாங்கும் நாட்டு நெல் அது. அவர் எந்தப் புத்தகத்தையும் பார்த்துச் செய்யவில்லை.

*

இனி ஒயின். அக்கா எங்களை இறக்கிய ஊரின் பெயர் ஏக்-மோர்த். 'செத்த தண்ணீர்' என்று பொருளாம். தேங்கிக் கிடக்கும் நீரைக் குறிக்கும் பழைய பெயர். 13ஆம் நூற்றாண்டில் ஒன்பதாம் லூயி மன்னன் சிலுவைப் போருக்குக் கப்பலேற அமைத்த துறைமுகம். இன்று கடல் விலகிவிட்டது. மதில் மட்டும் நாற்புறமும் அப்படியே நிற்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டது. இங்கே கடல் ஊரைக் கைவிட்டது.

மதிலுக்கு வெளியே நடந்தால் திராட்சை. ஆனால் படங்களில் காணும் குன்றுச்சரிவு இல்லை. வெறும் கடல் மணல். செருப்பு புதைகிறது. இதில் எப்படி வேர் பிடிக்கும் என்று கேட்டோம். தோட்டக்காரர் எங்கள் அப்பாவைவிடச் சற்று இளையவர். அவர் சொல்லச் சொல்ல அக்கா தமிழில் சொன்னார்.

பிரான்சில் ஒயினுக்குப் பேர்போன நிலங்கள் பல உண்டு. இந்த மணல் அந்தப் பட்டியலில் வராதது. ஆனால் ஒரு காலத்தில் மற்றவை எல்லாம் படுத்துவிட்டபோது நின்றது இதுதான். 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த செடிகளோடு ஃபிலாக்சரா என்ற பூச்சி வந்து சேர்ந்தது. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத அசுவினி இனம். வேரில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும். முதலில் அழிவு தெரிந்தது இதே ரோன் பக்கத்தில், 1863 வாக்கில். கொடிகள் ஏன் சாகின்றன என்று புரியவே சில ஆண்டுகள் ஆயின. 1868இல் மோன்பெலியே நகரத்துத் தாவரவியலாளர் பிளான்ஷோன் வேரில் பூச்சியைக் கண்டார். அதற்குள் நோய் பரவிக்கொண்டிருந்தது. அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் பிரான்சின் பெரும்பாலான தோட்டங்கள் அழிந்தன.

தப்பிக்க மூன்று வழிகள் கண்டார்கள். ஒன்று, பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரின் மேல் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டுவது. இன்று உலகின் திராட்சைத் தோட்டங்களில் மிகுதியும் அப்படி ஒட்டுக்கட்டியவையே. இரண்டாவது வழி எங்களைச் சிரிக்கவைத்தது: குளிர்காலத்தில் தோட்டத்தை நாற்பது ஐம்பது நாள் தண்ணீரில் மூழ்கடித்துப் பூச்சியைத் திணறடிப்பது. ஆர்லுக்கு வடக்கே லூயி ஃபோகோன் என்ற தோட்டக்காரர் கண்ட முறை. திராட்சையைச் சம்பா வயல் ஆக்கியிருக்கிறார். மூன்றாவது, மணல். மணல் சரிந்துகொண்டே இருப்பதால் பூச்சியால் வளைபோட முடியாது, வேருக்கு வேர் நடக்க முடியாது. ஒட்டுக்கட்டாத கொடியும் மணலில் பிழைத்தது. எதற்கும் உதவாது என்று விட்டிருந்த கடற்கரை மணலுக்கு ஆட்கள் ஓடிவந்தார்கள். உப்பளக் கம்பெனியே உப்போடு திராட்சையும் வைத்தது.

அங்கே முக்கியமான ரகம் 'கிரனாஷ் கிரி'. கிரி என்றால் சாம்பல் நிறம். தோல் கறுப்புமில்லை, வெள்ளையுமில்லை. இளஞ்சிவப்பில் சாம்பல் பூசியது போல. பழத்தைப் பறித்ததும் தோலோடு ஊறவிடாமல் உடனே பிழிந்துவிடுவதால் ஒயின் மிக வெளிறிய நிறத்தில் வருகிறது. சின்ன வெங்காயத்தின் உள்தோலை வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் நிறம். எங்களுக்கு முன்னால் இரண்டு கோப்பைகள் வைத்தார்கள். அம்மா இருந்தால் என்ன சொல்வாள் என்று இருவரும் யோசித்தது முகத்தில் தெரிந்தது. ஒருவர் ஒரு வாய் குடித்தோம். மற்றவர் முகர்ந்ததோடு சரி. யார் குடித்தது என்பதை இங்கே எழுதப்போவதில்லை. புளிப்பு, அதற்குப் பின்னால் ஏதோ வெள்ளைப் பூவின் வாசனை, கடைசியில் நாக்கில் மிக மெல்லிய ஒரு கரிப்பு. அந்தக் கரிப்பு ஒயினில் இருந்ததா, கடற்காற்றில் எங்கள் உதட்டில் ஒட்டியிருந்ததா என்று இன்றுவரை எங்களுக்குள் வழக்கு தீரவில்லை.

யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் அருந்தியதைப் புறநானூறு பாடுகிறது. அரிக்கமேட்டில் 1945இல் வீலர் தோண்டியபோது மதுச்சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. மத்தியதரைக் கடலின் மதுவுக்கு நம் கரை புதிதல்ல. இடையில் ஓர் ஆயிரத்தெண்ணூறு ஆண்டு மறந்திருந்தோம், அவ்வளவுதான்.

*

ஆனால் எங்களை அடித்துப்போட்டது ஒயின் அல்ல, தண்ணீர்.

கிணறு எவ்வளவு ஆழம் என்று கேட்டோம். விவசாயி வீட்டுப் பிள்ளைகள் வேறென்ன கேட்பார்கள்? அவர் கையை முழங்கால் அளவில் காட்டி, பிறகு தரையைத் தொட்டார். மணலுக்குள் மேலே மழையின் நல்ல தண்ணீர் நிற்கிறது. அதற்கு அடியில் கடலின் உப்புத் தண்ணீர். உப்புநீர் கனம், நல்ல நீர் லேசு. ஆகவே எண்ணெய் மிதப்பது போல ஒன்றின் மேல் ஒன்று மிதக்கிறது. கொடி வாழ்வது அந்த மெல்லிய மேல்படலத்தில். பேராசைப்பட்டு ஆழமாக உறிஞ்சினால் நல்லது தீர்ந்து உப்பு மேலே ஏறிவிடும். பிறகு அந்த நிலம் உங்களுடையதல்ல, கடலுடையது என்றார்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சண்டையை இங்கே சொல்ல வேண்டும். அப்பா தோட்டத்தில் ஆழ்துளைக் கிணறு போட விடமாட்டார். மணலில் ஆளுயரத்துக்குக் குட்டை வெட்டி, ஊறும் தண்ணீரைக் குடத்தில் மொண்டு கன்றுக்கு ஊற்றுவார். முல்லைக்கும் அப்படியே. நாங்கள் சம்பாதிக்க ஆரம்பித்த புதிதில், எங்கள் செலவில் ஆழ்துளையும் மோட்டாரும் போட்டுத் தருகிறோம் என்றோம். மறுத்துவிட்டார். பிடிவாதம், கஞ்சத்தனம், பழைய காலத்து மனிதர் என்றெல்லாம் சொன்னோம். இரண்டு மாதம் பேச்சு இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் போட்டார்கள். இரண்டு மூன்று வருடம் நன்றாக இறைத்தது. பிறகு தண்ணீர் உவர்த்து முல்லை கருகியது. அப்போதும் நாங்கள் அதை அவர்களுடைய துரதிர்ஷ்டம் என்றே எடுத்துக்கொண்டோம். அப்பாவின் அறிவு என்று எடுத்துக்கொள்ளவில்லை. எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், ஒரு வார்த்தைகூடப் புரியாத மொழியில், இன்னொரு கிழவர் சொன்ன பிறகுதான் அது அறிவு என்று எங்களுக்குப் பட்டது. இந்த வெட்கத்தைப் பதிவு செய்யத்தான் கட்டுரையை எழுத ஆரம்பித்தோம் என்றும் சொல்லலாம்.

இன்னொன்றும் காட்டினார். அறுவடை முடிந்த கையோடு வரிசைகளுக்கு நடுவே தானியம் விதைத்துவிடுவார்களாம். விளைச்சலுக்கு அல்ல, குளிர்காலக் காற்றில் மணல் பறக்காமல் வேர் பிடித்து வைக்க. பிறகு ஆட்டுக்கிடை வரும். புல்லைத் தின்று எருப்போட்டுவிட்டுப் போகும். கிடை போடுவது நமக்குத் தெரியாததா? கடற்கரையில் மணலைப் பிடித்துவைக்கும் அடம்பும் ராவணன் மீசையும் நம்மிடம் இல்லாததா? எல்லாம் இருக்கிறது. இல்லாதது, இவற்றையெல்லாம் ஒரு பெயரின் கீழ் சேர்த்து, இந்த மண்ணில் இப்படி விளைந்தது என்று சொல்லிக்கொள்ளும் துணிவு.

*

ஊர் திரும்பி அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னோம். நாங்கள் மன்னிப்புக் கேட்கும் வகையில் சொல்ல முயன்றோம், சரியாக வரவில்லை. அவர் பிரான்சையும் கேட்கவில்லை, ஒயினையும் கேட்கவில்லை. "அங்க உப்பு எத்தன அடியில இருக்காம்?" என்று மட்டும் கேட்டார். தெரியவில்லை என்றோம். "அதக் கேக்காம வந்துட்டீங்களே" என்றார்.

மறுநாள் பயணப் பெட்டியிலிருந்து காலணிகளை எடுத்துத் திண்ணையில் தட்டியபோது உள்ளே ஒட்டியிருந்த மணல் கொஞ்சம் உதிர்ந்தது. அப்பா குனிந்து விரலில் எடுத்துத் தேய்த்தார். "நம்ம மணலவிடக் கொஞ்சம் நைசு" என்றார். சற்று நேரம் கழித்து, "இறால்காரன்கிட்ட என்ன சொன்னீங்க?" என்று கேட்டார்.

இறால் பண்ணை என்றால் கடல் நீரை நிலத்தின் மேலேயே நிறுத்திவைப்பது. கீழே உப்பு, மேலேயும் உப்பு. நடுவில் மிதந்துகொண்டிருக்கும் ஒரு சாண் நல்ல தண்ணீரின் கதி என்ன என்று யோசிக்கப் படிப்பு தேவையில்லை. இந்தக் கடற்கரையில் அதற்காகவே ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் போராடினார்கள். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததே ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில்தான். செய்தித்தாளில் படித்திருந்தோம். எங்கள் பன்னிரண்டு மாவுக்கு அது பொருந்தும் என்றுதான் தோன்றாமல் போயிற்று. விற்பதில்லை என்று சொல்லி அனுப்பினோம்.

அந்த ஐப்பசி மழையில் அப்பா நடத் தொடங்கினார். திராட்சை அல்ல. எங்களில் ஒருவருக்கு அந்த ஆசை இருந்தது. கம்பத்திலிருந்து பன்னீர்த் திராட்சைக் குச்சி கொண்டுவரலாமா என்று கேட்டோம். "வடகிழக்குப் பருவமழைல பழம் வெடிச்சுப்போவும். பூஞ்சை புடிக்கும். அது மலையோரத்துச் சரக்கு" என்று முடித்துவிட்டார். கம்பத்துப் பன்னீருக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது அந்தப் பேச்சு நினைவுக்கு வந்தது. அதன் ஆங்கிலப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். பிரான்சில், அந்த மணலுக்கு வடக்கே வான்த்து மலையடிவாரத்தில், அதே பழம் 'வான்த்து மஸ்கா' என்ற சொந்தப் பெயரோடு விற்கிறது. 1997இல் அதற்கு ஊர்ப்பெயர் உரிமை கொடுத்தார்கள். ஒரே கொடி, இரு மலையடிவாரங்கள். வண்டல் டெல்டாவுக்கும் மணல் மேட்டுக்கும் அது வராது. வராததை வராது என்று அறிவதும் மண்ணை அறிவதுதானே.

நட்டது மா. நூற்றுப் பத்து ஒட்டுக்கன்றுகள். குட்டையை ஆழப்படுத்தவில்லை, தூர் மட்டும் வாரினார். வரிசைகளுக்கு நடுவே கொள்ளு விதைத்தார். நாங்கள் சொன்னதைக் கேட்டுத்தான் விதைத்தாரா, முன்பே தெரிந்ததுதானா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால், 'இது எங்கப்பா காலத்துலேயே உண்டு' என்றுதான் சொல்லியிருப்பார். ஒருவேளை அது உண்மையாகவும் இருந்திருக்கும்.

2021 தையில் அப்பா காலமானார். கன்றுகள் இடுப்பளவு இருந்தன.

2023இல் ஒரு நாள் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார். அந்த மணலின் ஒயினுக்கு, 'காமார்க் மணல்' என்ற பெயரிலேயே, பிரான்சின் உயர்ந்த ஊர்ப்பெயர் உரிமை கிடைத்துவிட்டதாம். அதுவரை இரண்டாம் படிப் பெயரோடுதான் விற்றுக்கொண்டிருந்தார்கள். நூற்றைம்பது வருடம் ஆயிற்று, மணல் என்பதை இழிவாக அல்லாமல் பெயராகச் சொல்லிக்கொள்ள. எங்கள் மணலுக்கு அப்படி ஒரு பெயர் வருமா என்று தெரியாது. வராவிட்டாலும் குறையில்லை.

2024 வைகாசியில் முதல் காய்ப்பு. மொத்தம் இரண்டு கூடை. ஒரு பழத்தை அறுத்து இருவரும் பாதிப் பாதி தின்றோம். இனிப்பு, கொஞ்சம் நார். கடைசியில் நாக்கில் ஒரு மெல்லிய கரிப்பு இருந்ததா என்று கேட்டால், அங்கே போலவே இங்கேயும் நாங்கள் இருவரும் ஒத்துப்போகவில்லை.

இப்போது மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூரிலிருந்து போய் வருகிறோம். குட்டைத் தண்ணீரை ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் குடத்தை எடுப்பது. அப்பா அப்படித்தான் செய்வார். இதுவரை நல்ல தண்ணீராகவே இருக்கிறது.